காட்சிப்பேழையில் படச்சுருள் கேமரா: ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகத் தொகுப்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பழைய படச்சுருள் கேமராக்களைச் சேகரித்துக் காட்சிப்படுத்தும் மரபு, கருவியின் வடிவத்தையும் கண்டுபிடிப்பாளரின் பெயரையும் முன்னிறுத்துகிறது. கருவியை இயங்கச்செய்த படச்சுருளும் கழுவும் கூடமும் தொழிலாளர் உழைப்பும் பெரும்பாலும் பின்தள்ளப்படுகின்றன. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரிலுள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகத் தொகுப்பின் தோற்றத்தையும் 1888ஆம் ஆண்டுக் கோடாக் கேமராவையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: படச்சுருள் கேமரா, கோடாக், அருங்காட்சியகம், சேகரிப்பு, ஒளிப்பட வரலாறு.

முன்னுரை

பயன்பாட்டிலிருந்து விலகிய பொருளே அருங்காட்சியகத்தை அடைகிறது. ஆயினும் ஏர்க்கலப்பையைக் காண்பவர் நிலத்தையும் மாட்டையும் எளிதில் எண்ணிக்கொள்வார். கேமராவைக் காண்பவர் அதன் மறுபாதியான படச்சுருளையும் இருட்டறையையும் அவ்வாறு எண்ணுவதில்லை. கருவி தன்னளவில் முழுமையானது என்ற தோற்றத்தைக் காட்சிப்பேழை தருகிறது. இத்தோற்றம் ஒளிப்பட வரலாற்றை எவ்வாறு குறுக்குகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொகுப்பின் தோற்றம்

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞரான காப்ரியேல் க்ரோமர் (1873–1934) தொடக்ககால டாகரோவகைப் படங்கள், நூல்கள், கருவிகள் ஆகியவற்றைத் திரட்டினார். பிரான்சில் ஒளிப்படத்துக்கெனத் தனி அருங்காட்சியகம் அமைய வேண்டும் என்பது அவரது விருப்பம். அவர் இறக்கும்வரை அது நிறைவேறவில்லை. 1939இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் அத்தொகுப்பை அவருடைய மனைவியிடமிருந்து விலைக்கு வாங்கியது.

நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1932இல் மறைந்தபின் அவரது மாளிகை ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்திற்குச் சென்றது. அம்மாளிகையை இடமாகக் கொண்டு 1947இல் நிறுவப்பட்ட அருங்காட்சியகம் 1949இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. க்ரோமரின் தொகுப்பு அதன் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. 1839இல் அல்போன்ஸ் ஜிரூ தயாரித்த டாகரோவகைக் கேமராவும் அத்தொகுப்பின்வழி வந்ததே.

இவ்வரலாற்றில் இரு செய்திகள் கருதத்தக்கன. ஒரு நாட்டின் நினைவகமாகக் கனவு காணப்பட்ட தொகுப்பு, வேறொரு நாட்டின் தொழில் நிறுவனத்தால் காக்கப்பட்டது என்பது முதலாவது. கேமராவையும் படச்சுருளையும் விற்ற நிறுவனமே அவற்றின் தொடக்ககாலச் சான்றுகளையும் திரட்டியது என்பது இரண்டாவது. எனவே தொகுப்பின் உடைமை வரலாற்றையும் ஆய்வுச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

1888ஆம் ஆண்டுக் கோடாக்: கருவியும் அமைப்பும்

1888இல் விற்பனைக்கு வந்த கோடாக் கேமரா தோலுறையிட்ட சிறு பெட்டியாகும். அதில் காட்சிகாண் கண்ணாடி இல்லை. மேற்பரப்பிலிருந்த கோடுகளைக் கொண்டே குறிபார்த்தனர். கயிற்றை இழுத்து மூடியைத் தயார்செய்து, பொத்தானை அழுத்தி, சாவியைத் திருகிப் படச்சுருளை நகர்த்த வேண்டும். வட்டவடிவிலான 100 படங்களை எடுக்கலாம். எண்ணிக்கை காட்டும் அமைப்பு இல்லாமையால் எடுத்த படங்களைப் பயனரே குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இதன் விலை 25 டாலர். படச்சுருள் முடிந்ததும் கேமராவையே ரோச்செஸ்டருக்கு அனுப்பி, 10 டாலர் செலுத்தினால், படங்கள் அச்சிடப்பட்டுப் புதிய சுருளுடன் கருவி திரும்பி வரும். பொத்தானை அழுத்துவது மட்டுமே பயனரின் வேலை என்பது விளம்பரத்தின் சாரம். எஞ்சிய வேலை எளியதன்று. அன்றைய படச்சுருள் காகிதத்தின்மீது ஒளியுணர் படலம் பூசப்பட்டது. கழுவியபின் அப்படலத்தைக் காகிதத்திலிருந்து உரித்து, ஒளி ஊடுருவும் தளத்திற்கு மாற்றிய பின்னரே அச்சிட இயலும். 1889இல் ஒளி ஊடுருவும் நைட்ரேட் படச்சுருள் வந்த பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது.

ஆகவே பயனருக்குக் கிட்டிய எளிமை, தொழிற்கூடத்திற்கு இடம்மாற்றப்பட்ட உழைப்பின் விளைவாகும். பேழையிலுள்ள பெட்டி அவ்வெளிமையைக் காட்டுகிறது, உழைப்பைக் காட்டுவதில்லை.

ஏல மதிப்பு

தனியார் சேகரிப்பில் இச்சிக்கல் வேறு வடிவம் பெறுகிறது. ஆஸ்கர் பர்னாக் பயன்படுத்திய லைக்கா 0 வரிசையின் 105ஆம் எண் கேமரா 2022இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் 1.44 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. உருவாக்கியவரின் கைப்பட்டது, எண்ணிக்கையில் அரியது என்னும் இரண்டுமே விலையை உயர்த்தின. இதற்கு மாறாக, 1900இல் ஒரு டாலருக்கு விற்கப்பட்ட பிரவுனி கேமரா சிறுவர்க்கும் எளிய குடும்பத்தார்க்கும் ஒளிப்படத்தைத் திறந்துவிட்டது. அருமையை அளவுகோலாகக் கொள்ளும் சேகரிப்பு, பரவலாகப் பயன்பட்ட கருவியைக் கீழ்நிலையில் வைக்கிறது. சமூக வரலாற்று நோக்கில் இவ்வரிசை தலைகீழாதல் கூடும்.

இயக்கமும் பாதுகாப்பும்

கேமராவை இயக்கினால் அதன் பாகங்கள் தேயும். இயக்காவிடில் அதன் செயல்பாடு விளங்காது. பாதுகாப்பைக் கடமையாகக் கொண்ட அருங்காட்சியகம் பொதுவாக இரண்டாவதையே தேர்கிறது. பயன்பாட்டு அறிவை உயிர்ப்புடன் வைத்திருப்போர் பலவேளை எளிய சேகரிப்பாளர்களே. கோடாக் நிறுவனம் 620 படச்சுருளை 1995இல் நிறுத்தியபின், அதே அகலமுள்ள 120 படச்சுருளை இருட்டில் 620 உருளைக்கு மாற்றிச் சுற்றி அவர்கள் பயன்படுத்துகின்றனர். இக்கைத்திறன் எந்தப் பேழையிலும் இல்லை. எனினும் அருங்காட்சியகத்தால் இயலாததன்று என்பதற்கும் சான்றுண்டு. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் திரைப்படச் சுருள்களை ஈஸ்ட்மன் அருங்காட்சியகம் 2015இல் தொடங்கிய தனி விழாவில் உரிய பாதுகாப்புடன் திரையிட்டு வருகிறது.

முடிவுரை

கேமரா தனிப்பொருளன்று, படச்சுருள், வேதியியல், அஞ்சல், தொழிற்கூடம், பயனர் ஆகியோரை இணைத்த அமைப்பின் ஓர் உறுப்பு. ஆதலின் கருவியுடன் அது ஏற்ற படச்சுருள், கழுவும் முறை, விலை, அதில் எடுக்கப்பட்ட படம், உடைமை மாறிய வரலாறு ஆகியவற்றையும் ஒருங்கே பதிவுசெய்து காட்சிப்படுத்துதல் வேண்டும். அவ்வாறு செய்யாத தொகுப்பு பொருளைக் காக்கும். அப்பொருளின் வரலாற்றைக் காக்காது.