நீயும் நீவிரும் நீங்களும்

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையில் நெல்லைச் சீமையிலிருந்து நம் தந்தையார் மும்பைக்கு வந்திருந்தார். மாட்டுங்காக் கடைத்தெருவில் பூவும் வாழையிலையும் வாங்கிக்கொண்டு கிங்ஸ் சர்க்கிள் வழியே நடந்து வருகையில், ஆங்கிலப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பயிலும் நம் மகன், "தாத்தா, நீ களைச்சுப் போயிட்டியா?" என்று கேட்டான். பரிவினால்தான் கேட்டான். ஆயினும் முதியவர் முகம் சற்றே வாடிற்று. வீடு திரும்பியபின் மகனைத் தனியே அழைத்துக் கடிந்தோம். அவனோ, "இங்கிலீஷ்ல எல்லாருக்கும் 'யூ' ஒண்ணுதானேப்பா? அவங்க எல்லாரையும் 'நீ'ன்னுதானே சொல்றாங்க?" என்றான். அன்று நம்மிடம் விடை இல்லை. பின்னர் நூல்களைப் புரட்டித் தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதற்கண் ஆங்கிலத்தின் கதையைக் காண்போம். அம்மொழியில் பண்டு ஒருமைக்குத் 'தௌ' என்றும், பன்மைக்கு 'யீ' என்றும் இரு முன்னிலைப் பெயர்கள் வழங்கின. 'யூ' என்பது 'யீ' என்னும் பன்மைப் பெயர் வேற்றுமை ஏற்கும்போது கொண்ட வடிவமாகும். நம் மொழியில் நீயிர் என்பது நும் எனத் திரிவதை ஒப்பிட்டு நோக்குக. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு அரசவை மொழியாயிற்று. ஒருவரையே பன்மையால் அழைத்துப் பெருமை செய்யும் பிரெஞ்சு வழக்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்திலும் புகுந்தது. அதன்பின் மேலோரைப் பன்மையாலும், கீழோர் எனக் கருதப்பட்டோரை ஒருமையாலும் அழைப்பது முறையாயிற்று.

அவ்வொருமை எத்துணைக் கூர்மையான ஆயுதமாயிற்று என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 1603இல் வின்செஸ்டர் நகரில் சர் வால்டர் ராலேயின் மீது இராசத் துரோக வழக்கு நடந்தபோது, அரசு வழக்கறிஞர் எட்வர்டு கோக், அப்பெருமகனை வேண்டுமென்றே 'தௌ' என்று அழைத்து, அங்ஙனம் அழைப்பதையும் வாய்விட்டே கூறி இழித்தார். நம் ஊரில் சினமுற்றவர் "டேய்" என்பது போன்றதே அது.

அதே நூற்றாண்டில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவரின் வழிவந்த குவேக்கர் சமயத்தார், ஒருவரைப் பலராகக் கூறுவது பொய்யும் முகத்துதியுமாம் என்றனர். நீதிபதியாயினும் நிலக்கிழாராயினும் எல்லாரையும் 'தௌ' என்றே அழைத்தனர். அதன் பொருட்டு வசையும் அடியும் பெற்றனர். எல்லாரும் சமம் என்பதே அவர்தம் கொள்கை. ஆனால் ஆங்கில நாடு அவர்கள் காட்டிய வழியிற் செல்லவில்லை. யாரை எப்படி அழைப்பது என்னும் ஐயம் எழுந்தவிடத்தெல்லாம் மக்கள் பன்மையையே கையாண்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் 'தௌ' பொதுப்பேச்சினின்றும் மறைந்து, வழிபாட்டிலும் சில வட்டார வழக்குகளிலும் மட்டுமே எஞ்சியது.

ஆகவே இன்று உலகெங்கும் ஒலிக்கும் 'யூ' என்பது நம் 'நீ' அன்று. நம் 'நீங்கள்' ஆகும். ஆங்கிலேயர் கைவிட்டது ஒருமையை. அரசிக்கும் பால்காரருக்கும் அவர்கள் அளித்தது ஒரே பன்மையை. நம் மகன் கருதியது தலைகீழான கருத்தென்பது இதனால் விளங்கும்.

இனித் தமிழின் வரலாற்றைக் காண்போம். தொல்காப்பியர் முன்னிலைக்கு நீ, நீயிர் என்னும் பெயர்களைக் கூறினார். ஒருவரைப் பன்மையாற் கூறுவது உலக வழக்கில் உயர்வு கருதிய சொல்லே. இலக்கண நெறிப்பட்டதன்று எனவும் கிளவியாக்கத்தில் உரைத்தார். அவர் காலத்திலேயே மக்கள் அங்ஙனம் பேசினர் என்பது இதனாற் புலனாகும். ஆயினும் புறநானூற்றுப் புலவர் முடிவேந்தரை 'நீ' என்றே விளித்தனர். ஔவையார் அதியமானை அழைத்ததும் அவ்வாறே. அந்த 'நீ'யில் அவமதிப்பு இல்லை. நெருக்கமும் நிமிர்வும் உண்டு. அடியார்களும் இறைவனை 'நீ' என்றே பெரும்பாலும் பாடினர். தோழமை பூண்ட சுந்தரரோ திருவாரூரில் 'உமக்கு' எனப் பன்மையில் வழக்காடவும் செய்தார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த நன்னூல், எல்லீர், நீயிர், நீவிர், நீர், நீ என முன்னிலைப் பெயர் ஐந்தினைக் கூறும். இப்பட்டியலில் இன்று நாம் நாள்தோறும் வழங்கும் 'நீங்கள்' இல்லை. 'நீம்' என்னும் பழைய பன்மையோடு 'கள்' விகுதியும் சேர்ந்து பன்மைமேற் பன்மையாய் அமைந்தது அச்சொல். 'நீர்' என்பது ஒருவருக்குரிய மரியாதைச் சொல்லாய்த் தேய்ந்தபின், அதனினும் உயர்ந்த ஒன்று வேண்டப்பட்டது போலும். ஆயினும் 'நீர்' அழிந்துவிடவில்லை. நெல்லைப் பெரியவர் ஒத்த வயதினரை இன்றும் "வாரும், இரும்" என்கின்றனர். யாழ்ப்பாணத்தில் நீக்கும் நீங்களுக்கும் இடைப்பட்ட சொல்லாய் அது வாழ்கிறது. கிறித்தவ அன்பர்கள் தமிழில் இறைவனை 'நீர்' என்றும் 'தேவரீர்' என்றும் விளித்தே வேண்டுகின்றனர்.

மடல்களில் நாம் எழுதும் 'தாங்கள்' என்பதோ, 'தான்' என்னும் தற்சுட்டுப் பெயரின் பன்மையாகிய 'தாம்' என்பதிற் பிறந்தது. இந்தியின் 'ஆப்' என்பதும் மராத்தியின் 'ஆபண்' என்பதும் 'ஆத்மன்', அதாவது 'தான்' என்னும் பொருளுடைய வடசொல்லின் வழிவந்தவையே. வேறுவேறு மொழிக் குடும்பத்தார் ஒருவருக்கு உயர்வு செய்ய ஒரே வழியை நாடியது வியப்புக்குரியது. மேலும் மராத்தியில் 'ஆபண்' என்பதற்கு, கேட்பவரையும் உளப்படுத்திய 'நாம்' என்னும் பொருளும் உண்டு. நம் அண்டை வீட்டு மராத்தியர் தாயைத் 'தூ' என்றும் தந்தையைத் 'தும்ஹி' என்றும் அழைக்கக் கேட்டிருக்கிறோம். தமிழர் இல்லங்கள் பலவற்றிலும் இதுவே வழக்கம் அன்றோ?

இவ்வளவும் ஏட்டில் உள்ளவை. ஏட்டில் இல்லாத ஒன்றையும் இங்குக் கூற வேண்டும்.

நம் சிறுவயதில், ஊரில் நம் வயலில் உழைத்த முதியவர் ஒருவர் இருந்தார். அவருக்கு அப்போது ஐம்பதுக்கு மேல். நமக்கு எட்டு வயது. அவரை நாம் பெயர் சொல்லி "நீ வா, நீ போ" என்றோம். அவர் நம்மை "ஐயா" என்றார். அவர் பிறந்த சாதியே அதற்குக் காரணம். கண்டிப்பு மிகுந்த நம் தந்தையார் அதற்காக ஒருநாளும் நம்மைக் கடிந்ததில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன், தாராவியில் ஒரு பொங்கல் விழாவில் அம்முதியவரைக் கண்டோம். மகன் வீட்டோடு வந்து தங்கியிருந்தார். கண்டதும் மகிழ்ச்சி மேலிட, "நீ எப்ப வந்த?" என்று நம் வாய் பழைய வழக்கத்தால் கேட்டுவிட்டது. அருகில் நின்ற அவர் பேரன், கல்லூரி மாணவர், அமைதியாகச் சொன்னார்: "சார், எங்க தாத்தாவுக்கு உங்க அப்பா வயசு இருக்கும்."

நாம் நாணினோம். "நீங்கள்" என்று திருத்திக் கேட்டோம். முதியவரோ நம்மினும் மிகுதியாகக் கூசி, பேரனை அடக்கப் பார்த்தார். அக்கூச்சத்தைக் கண்டபோதுதான் அச்சொல் எத்தனை ஆண்டுகள் அவர்மேல் அழுந்திக் கிடந்தது என்பது நமக்கு உறைத்தது.

1960இல் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்னும் அறிஞர் இருவர், ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களை ஆராய்ந்து, அவை அதிகாரத்தையும் தோழமையையும் அளக்கும் கோல்கள் எனக் காட்டினர். இருவரும் ஒருவரையொருவர் 'நீ' என்றால் அது தோழமை. ஒருவர் 'நீ' என்ன, மற்றவர் 'நீங்கள்' என்றே திருப்பிக் கூறவேண்டுமாயின் அங்கே அதிகாரம் நிற்கிறது. இவ்வளவுகோலால் நம் அலுவலக வாழ்வையும் அளந்து பார்த்தோம். அதிகாரியிடம் 'ஆப்' என்னும் எழுத்தர், கோப்புச் சுமந்து வரும் கடைநிலை ஊழியரிடம் 'தும்' என்கிறார். மைய அரசின் இந்தி வகுப்பில் 'பிரபோத்' தேர்வுக்குப் படித்தபோது எல்லாரையும் 'ஆப்' என்னவே நமக்குக் கற்பித்தனர். தேறியபின் யாரைத் 'தும்' எனலாம் என்பதை அலுவலகம் கற்பித்தது.

மகன் தாத்தாவை 'நீ' என்றபோது நாம் சினந்தோம். அவன் அறியாமல் செய்தான். நாம் அறிந்தே பல்லாண்டு செய்தோம். ஆகவே அவனுக்கு உரைக்க வேண்டியதை முதலில் நமக்கே உரைத்துக்கொண்டு, பின்னர் அவனை அழைத்து ஆங்கிலத்தின் கதையைச் சொன்னோம். "அப்போ வாட்ச்மேனையும் 'நீங்க'ன்னு சொல்லணுமா?" என்றான். ஆம் என்றோம். "வீட்டு வேலைக்கு வர்ற அக்காவையும்?" ஆம் என்றோம். "அம்மாவை?" என்று கேட்டு, நம் முகத்தைப் பார்த்தான். அம்மாவை 'நீ' என்றே சொல். அவளும் உன்னை 'நீ' என்கிறாள், அது அன்பின் 'நீ' என்றோம்.

பிறந்த மண்ணை விட்டு வந்து மும்பையில் வாழும் நாம், நம் மக்களுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்கச் சங்கம் வைத்து உழைக்கிறோம். எழுத்தோடு இச்சிறு சொற்களையும் கற்பிப்போமாக. ஊரில் விட்டுவர வேண்டிய 'நீ' ஒன்று உண்டு. உடன்கொண்டு வர வேண்டிய 'நீ' ஒன்றும் உண்டு. இரண்டையும் பிரித்தறியும் பொறுப்பு பெற்றோராகிய நம்முடையது.