வரியைக் குறைத்த வாக்கு, செலவைக் குறைத்ததா? கலிபோர்னியாவின் ‘முன்மொழிவு 13’ குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

1978 ஜூன் 6 அன்று கலிபோர்னிய வாக்காளர்களில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் சொத்து வரியைக் குறைக்கும் ‘முன்மொழிவு 13’ஐ ஏற்று, மாநில அரசியல் சட்டத்தையே திருத்தினர். அரசின் செலவைச் சுருக்க மக்கள் இட்ட ஆணை என்று இதைக் கொள்வோர் உண்டு. வரிக் குறைப்பும் செலவுக் குறைப்பும் வாக்காளர்களுக்கு ஒரே கோரிக்கையாக இருக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பின்னணி

1960களின் நடுவில் சான் பிரான்சிஸ்கோவில் சொத்து மதிப்பீட்டு லஞ்ச ஊழல் அம்பலமானது. அதையடுத்து 1966இல் வந்த சட்டம், எல்லாச் சொத்துகளையும் சந்தை மதிப்பின் 25 விழுக்காட்டில் மதிப்பிட வேண்டும் என்றது. அதுவரை மதிப்பீட்டு அலுவலர்கள் வீடுகளுக்குக் காட்டிவந்த சலுகை இந்த நேர்மையான சீர்திருத்தத்தால் மறைந்தது. 1970களில் வீட்டு விலையோடு வரியும் ஏறியது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவருக்கு வீட்டின் விலை உயர்ந்ததால் கையில் ஒரு காசும் கூடவில்லை. கட்டவேண்டிய வரி மட்டும் கூடியது. அதே வேளையில் மாநிலக் கருவூலத்தில் சுமார் 500 கோடி டாலர் உபரி சேர்ந்திருந்தது. சட்டமன்றம் உரிய காலத்தில் நிவாரணம் தராததே மக்களின் சினத்தை மூட்டியது. அந்தச் சினம் நியாயமானது.

திருத்தமும் விளைவும்

ஹோவர்ட் ஜார்விஸ், பால் கேன் இருவரும் முன்னின்று கொண்டுவந்த திருத்தம், சொத்து வரிக்கு 1 விழுக்காடு உச்சவரம்பு விதித்தது. மதிப்பீட்டை 1975ஆம் ஆண்டு நிலைக்கு இறக்கியது. சொத்து கைமாறும்வரை மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது என்றது. மாநில வரியை உயர்த்தச் சட்டமன்றத்தின் ஈரவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவையாயிற்று.

சொத்து வரி வருவாய் பாதிக்கு மேல் சரிந்தது. திருத்தத்தை எதிர்த்திருந்த ஆளுநர் ஜெர்ரி பிரவுன், மக்கள் தீர்ப்பை ஏற்று, உபரியிலிருந்து உள்ளாட்சிகளுக்கு நிதி வழங்கினார். அதன்பின் பள்ளிகளும் மாவட்ட நிர்வாகங்களும் மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவின் கையை எதிர்பார்க்க நேர்ந்தது. உள்ளூர் மக்களுக்கு அருகிலிருந்த நிதி அதிகாரம் தலைநகருக்கு நகர்ந்தது.

1979இல் கேன் கொண்டுவந்த செலவின உச்சவரம்பையும் மக்கள் பெருவாரியாக ஏற்றனர். ஆனால் 1980இல் வருமான வரியைப் பாதியாக்க ஜார்விஸ் முன்வைத்த திட்டத்தைத் தோற்கடித்தனர். 1988இல் பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச நிதியை உறுதிசெய்யும் முன்மொழிவு 98ஐ நிறைவேற்றினர். வீட்டு வரி குறையவேண்டும், பள்ளிச் செலவு குறையக்கூடாது என்பதே அவர்கள் வாக்குகளில் தெரியும் விருப்பம்.

இரண்டு வீடுகள்

கைமாறும்வரை மதிப்பேற்றத்துக்கு வரம்பிட்ட விதியின் விளைவு இது: லாஸ் ஏஞ்சலஸில் 1988இல் 1,70,000 டாலருக்கு வீடு வாங்கிய ஒருவருக்கு ஆண்டு வரி 1,701 டாலர். அதே பகுதியில் ஏறக்குறைய அதேபோன்ற வீட்டை 1975 முதல் வைத்திருந்தவர் கட்டியது 358 டாலர். தெருவிளக்கும் தீயணைப்பும் இருவருக்கும் ஒன்றே. 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-1 என்ற பெரும்பான்மையில் இந்த ஏற்பாடு செல்லும் என்றது.

முடிவுரை

முதியவரின் வீட்டைக் காக்கப் பிறந்த சட்டம் அந்தப் பணியைச் செய்தது. ஆனால் எந்தச் செலவு வேண்டாம் என்று யாரும் தெளிவாகச் சொல்லாததால், சுமை தோள் மாறி, பிந்தி வந்து வீடு வாங்கும் இளம் குடும்பங்கள்மேல் கூடுதலாக ஏறியது. வரியை எதிர்க்கும் குடிமக்களுக்கு, கைவிடத் தயாரான செலவையும் அதே மூச்சில் பெயர்சொல்லும் கடமை உண்டு.