தேயிலையின் உற்பத்திக் கிரயமும் கண்டிப் பெருந்தோட்டங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பொருளை ஆக்குவதற்கு ஏற்படும் செலவைக் கணித்து, அதன்மீது ஓரளவு இலாபத்தைச் சேர்த்து விலையை நிருணயிப்பதற்கு உதவுவதே கிரயக் கணக்கியலின் பணி எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. தொழிற்சாலைகளில் ஆக்கப்படும் பண்டங்கள் பலவற்றிற்கு இக்கருத்து ஓரளவு பொருந்தலாம். ஆயின், பேராதனை வளாகத்திலிருந்து நாம் நாள்தோறும் காணும் ஹந்தானை மலைச்சாரலில் விளைந்த தேயிலைக்கு இது பொருந்துவதன்று. அத்தேயிலையின் விலையைத் தோட்டத்துரை நிருணயிக்கவில்லை. இலண்டனிலும் கொழும்பிலும் நடைபெற்ற ஏலங்களே நிருணயித்தன. அவ்வாறாயின், விலை தன் கையில் இல்லாத உற்பத்தியாளனுக்குக் கிரயக் கணக்கு எவ்வகையிற் பயன்பட்டது? அக்கணக்கில் எவை செலவாகப் பதியப்பட்டன? எவை பதியப்படாது விடப்பட்டன? இவ்வினாக்களைக் கண்டியையும் அதன் சுற்றுப்புறங்களையும் முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பிக் காலம்

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்னர், 1820களில் கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேட் என்பாரும், கன்னொறுவவில் தேசாதிபதி எட்வேட் பான்சும் கோப்பிப் பயிரிடலானார்கள். 1835இல் பிரித்தானியாவில் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் இறக்குமதித் தீர்வை சமமாக்கப்பட்டதும், கண்டி மலைகளில் முதலீடு வெள்ளமெனப் பாய்ந்தது. காடு வெட்டுதல், நாற்று நடுதல், பாதை அமைத்தல் ஆகியவற்றிற்கு எவ்வளவு செலவாகும் என்பதைத் துல்லியமாக மதிப்பிட்டு முதலிட்டோர் சிலரே. விலை உயர்ந்திருந்த காலத்தில் மதிப்பீடு இன்றியும் இலாபம் கிடைத்தமையால் அக்குறை புலப்படவில்லை.

1847ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் ஏற்பட்ட நெருக்கடியோடு கோப்பி விலை சரிந்தது. தோட்டங்கள் பல கைவிடப்பட்டன. பல மிகக் குறைந்த விலைக்குக் கைமாறின. தப்பிப் பிழைத்த தோட்டங்கள் செலவைக் கணக்கிடக் கற்றுக்கொண்டன. 1854இல் கண்டியிலே தோட்டத்துரைமார் சங்கம் நிறுவப்பட்டது. அது முன்வைத்த முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று இருப்புப்பாதை ஆகும். கொழும்புக்கும் கண்டிக்கும் இடைப்பட்ட 72 மைல் தூரத்தை மாட்டுவண்டியிற் கடந்து செல்லும் கோப்பியின் கிரயத்தில் போக்குவரத்துச் செலவு பெரும்பங்கு வகித்தமையே இதற்குக் காரணமாகும். 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது.

நெருக்கடியே கிரயக் கணக்கியலின் தாய் என்பதற்கு மேனாட்டு வரலாற்றிலும் சான்றுண்டு. இங்கிலாந்தின் புகழ்பெற்ற மட்பாண்ட உற்பத்தியாளரான யோசையா வெட்ஜ்வுட், 1772ஆம் ஆண்டு மந்தத்தின்போதே தமது பாண்டங்களின் செலவை வகைபிரித்து ஆராயத் தலைப்பட்டார். உற்பத்தி குறைந்தபோதும் குறையாத செலவுகள் உள என்பதை அவர் அப்போது கண்டுகொண்டார். 1887இல் காக், ஃபெல்ஸ் என்போர் தொழிற்சாலைக் கணக்குகள் பற்றி எழுதிய நூல், நிலையான கிரயத்திற்கும் மாறும் கிரயத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்காளர்களுக்குத் தெளிவுபடுத்திற்று.

கோப்பியின் அழிவு மற்றொரு பாடத்தைத் தருகின்றது. 1869இல் கோப்பி இலைகளில் ஒருவகைப் பங்கசு நோய் தோன்றியது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த துவைட்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பி ஆராய்வித்தார். ஆயினும், 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை உயர்ந்திருந்தமையால் துரைமார் மேலும் மேலும் காடழித்துப் பயிரிட்டனர். மொத்த வருமானத்தை மட்டும் நோக்கியோருக்கு ஏக்கரொன்றின் விளைவு வீழ்ந்து வருவதும், அதனால் நூற்றந்தர் ஒன்றிற்குரிய கிரயம் ஏறி வருவதும் தென்படவில்லை. விலை இறங்கியபோது உண்மை வெளிப்பட்டது. தோட்டங்களுக்குக் கடன் வழங்கிய ஓரியன்டல் வங்கி 1884இல் முறிந்தது.

தேயிலையும் கணக்கேடும்

கண்டிக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1873இல் அங்கிருந்து 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் இலங்கையில் 3,50,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் தேயிலை பரவியது.

கோப்பி ஆண்டில் ஒரு பருவத்திற் பறிக்கப்படுவது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. எனவே தேயிலைத் தோட்டத்திற்கு நிலையாக வாழும் தொழிலாளர் தேவைப்பட்டனர். அத்துடன் தொழிற்சாலை, உலர்த்தும் பொறி, உருட்டும் பொறி, விறகு, பெட்டி எனச் செலவினங்கள் பெருகின. இவற்றையெல்லாம் வகைபிரித்து, மாதந்தோறும் ஓர் இறாத்தலுக்கு எத்தனை சதம் என்று காட்டும் முறை தோட்டங்களில் வேரூன்றியது. கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் பதியப்பட்ட ஒவ்வொரு பேரும் இறுதியில் கொழும்பு முகவர் நிறுவனத்தின் அறிக்கையில் ஒரு சதத்தின் பின்னமாக மாறியது.

இக்கணக்கு எத்தகைய முடிவுகளுக்கு வழிகாட்டிற்று என்பதை ஒரு கற்பித எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு தோட்டத்தின் நிலையான கிரயம் ஆண்டுக்கு 6,00,000 ரூபா என்றும், மாறும் கிரயம் இறாத்தலுக்கு 5 ரூபா என்றும் கொள்வோம். ஆண்டு விளைவு 1,00,000 இறாத்தலாயின் ஓர் இறாத்தலின் கிரயம் 11 ரூபா. வரட்சியால் விளைவு 75,000 இறாத்தலாகக் குறையின் அதுவே 13 ரூபாவாகும். ஏலத்தில் விலை 10 ரூபாவாயின், இறாத்தலுக்கு 3 ரூபா வீதம் 2,25,000 ரூபா நட்டம் ஏற்படும். எனவே தோட்டத்தை மூடிவிடலாமா? மூடினால் நிலையான கிரயமாகிய 6,00,000 ரூபாவும் குறுகிய காலத்தில் நட்டமாகும். விலை மாறும் கிரயத்திலும் உயர்ந்திருக்கும் வரை கொழுந்து பறிப்பதே மேல் என்பது தெளிவு. சராசரிக் கிரயத்தை மட்டும் நோக்குபவன் தவறான முடிவுக்கு வருவான். எவ்வளவு இளங்கொழுந்தாகப் பறிப்பது, எந்த மலையைக் கவ்வாத்து செய்வது, எதனைக் கைவிடுவது என்பனவெல்லாம் இவ்வகைக் கணிப்பையே வேண்டி நின்றன.

தொழிலாளி எவ்வகைக் கிரயம்?

இங்கேதான் அடிப்படையான வினா எழுகின்றது. தோட்டத் தொழிலாளியின் கூலி நிலையான கிரயமா, மாறும் கிரயமா? தோட்டத்தின் பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறையில் குடும்பத்தோடு வாழ்ந்து, வேறிடத்தில் வேலை தேட வழியற்றிருந்த தொழிலாளி, உண்மையில் தோட்டத்தின் நிலையான உறுப்பேயாவான். ஆயினும் கணக்கேட்டில் அவனது கூலி மாறும் கிரயமாகவே கொள்ளப்பட்டது. விலை வீழ்ந்த காலங்களில் வேலைநாட்களைக் குறைப்பது இதனால் இயல்பான செயலாயிற்று. முகவர் நிறுவனத்தின் கட்டணமும் துரையின் வேதனமும் நிலையானவையாகக் கொள்ளப்பட, தொழிலாளியின் அடுப்பு மட்டும் சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டியதாயிற்று. எச்செலவை எவ்வகையிற் சேர்ப்பது என்பது கணிதத்தால் மட்டும் தீர்வதன்று. அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதையும் அது பொறுத்தது.

நாணய மாற்றும் இதே திசையிற் செயற்பட்டது. தேயிலை ஸ்ரேலிங்கில் விற்கப்பட்டது. கூலி ரூபாவில் வழங்கப்பட்டது. 1870களின் தொடக்கத்தில் ஏறக்குறைய இரண்டு சிலிங் பெறுமதியாயிருந்த ரூபா, நூற்றாண்டின் இறுதியில் ஒரு சிலிங் நான்கு பென்சாக வீழ்ந்தது. நாளொன்றுக்கு 33 சதக் கூலி முன்னர் எட்டுப் பென்சாக இருந்து, பின்னர் ஐந்தரைப் பென்சிலும் குறைந்தது. தொழிலாளியின் கையிற் கிடைத்த சதம் மாறவில்லை. முதலாளியின் கிரயம் மூன்றிலொரு பங்கு குறைந்தது. தேயிலைத் தொழிலின் தொடக்ககால வெற்றியை விளக்குவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

பதியப்படாத செலவுகளும் உண்டு. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தோருட் பலர் பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டனர். வந்து சேர்ந்தோர் பயணச் செலவையே கடனாகச் சுமந்தனர். அக்கடன் கங்காணியின் துண்டில் எழுதப்பட்டு, தோட்டத்துக்குத் தோட்டம் தொழிலாளியோடு கைமாறியது. ஆட்சேர்ப்பின் கிரயத்தை ஆட்சேர்க்கப்பட்டவனே செலுத்திய இம்முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கூலியும் சட்டமும்

1927ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ்க் குறைந்தபட்சக் கூலி 1929இல் நடைமுறைக்கு வந்தது. ஆண் தொழிலாளிக்கு மலைநாட்டில் 54 சதமும், இடைநாட்டில் 52 சதமும், தாழ்நாட்டில் 50 சதமும் விதிக்கப்பட்டன. பெண்ணுக்குக் குறைவாகவே விதிக்கப்பட்டது. இங்கு முதன்முதலாகத் தொழிலாளியின் வாழ்க்கைக் கிரயம், குறிப்பாக அரிசியின் விலை, கணக்கில் எடுக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. தேயிலையின் கிரயத்தைக் கணித்த அரை நூற்றாண்டின் பின்னரே தொழிலாளி உயிர்வாழும் கிரயம் கணிக்கப்பட்டது. அதுவும் நிலைக்கவில்லை. உலகப் பெருமந்தத்தில் விலை வீழ்ந்ததும் கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திரும்பினர். 1933இல் இந்தியா, இலங்கை, ஒல்லாந்த கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் உற்பத்தியாளர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்பட்டனர். தனித்து நின்றபோது விலையை ஏற்க மட்டுமே முடிந்த உற்பத்தியாளர், கூடிநின்று விலையையே உயர்த்த முயன்றமைக்கு இது சான்றாகும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமகூலி கிடைப்பதற்கோ 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கொழுந்து பறிப்போருட் பெரும்பாலோர் பெண்களே என்பதை நினைவிற் கொண்டால் இதன் பொருள் விளங்கும்.

இடைநாட்டின் துயரம்

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்கள் பெரும்பாலும் இடைநாட்டைச் சேர்ந்தவை. நுவரெலியாத் தேயிலையின் நறுமணத்தால் வரும் உயர்ந்த விலையும், தாழ்நாட்டின் மிகுந்த விளைவும் இவற்றிற்கு வாய்க்கவில்லை. பழைய செடிகளும் தேய்ந்த மண்ணும் இறாத்தலுக்குரிய கிரயத்தை உயர்த்தின. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அவ்விடைக்காலத்தில், 1973-74இல், தோட்ட மக்கள் உணவின்றி வாடினர். பட்டினிச் சாவுகளும் நிகழ்ந்தன. அரசின் இரு பெருங் கூட்டுத்தாபனங்களின் கீழ் நட்டம் தொடர்ந்தமையால், 1992இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கைவிடப்பட்ட சரிவுகளிலிருந்து அரித்துச் செல்லப்பட்ட மண், 1976இல் நிறைவுற்ற பொல்கொல்லை அணைக்கட்டின் பின்னே வண்டலாகப் படிந்தது. மண்ணின் இழப்பு எத்தோட்டத்தின் கிரயத்திலும் சேர்க்கப்படவில்லை. மகாவலி அதனைச் சுமந்தது.

இதற்கு மாறாக, சிறுதோட்டக்காரர் விடயத்தில் கணக்கு வேறுவகையில் அமைந்தது. அவர்களிடமிருந்து பச்சைக்கொழுந்து வாங்கும் தொழிற்சாலைகள், ஏலத்திற் கிடைத்த தேறிய சராசரி விலையில் நூற்றுக்கு 68 வீதத்தைக் கொழுந்துக்கும் 32 வீதத்தை ஆக்கச் செலவுக்கும் பகிரும் சூத்திரம் நடைமுறைக்கு வந்தது. இங்கு விலையின் வீழ்ச்சியும் ஏற்றமும் இருதரப்பாராலும் பகிரப்படுகின்றன. கொழுந்து கொடுப்பவர் சூத்திரத்தின் ஒரு பகுதியாக உள்ளார். அவர் செலவின் ஒரு தலைப்பு அல்லர்.

தோட்டத் தொழிலாளர் கூலிப் போராட்டங்களில் கணக்கின் பங்கு இன்றும் குன்றவில்லை. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவாக விதிக்கப்பட்டதை ஆராய்வோம். ஒரு கிலோ பச்சைக்கொழுந்தில் ஏறத்தாழ 215 கிராம் தேயிலை பெறப்படும். ஒருவர் நாளொன்றுக்கு 18 கிலோ பறித்தால் 3.87 கிலோ தேயிலை. பறிப்புக்கூலி மட்டும் கிலோவுக்கு ஏறக்குறைய 258 ரூபா. 24 கிலோ பறித்தால் அது 194 ரூபாவாகக் குறையும். கூலியுயர்வுக்குப் பின்னர்ப் பல தோட்டங்களில் நாளுக்குரிய கொழுந்தின் அளவு பற்றிப் பிணக்குகள் எழுந்தமைக்குக் காரணம் இதுவே. ஆயினும் இக்கணக்கு முழுமையானதன்று. 24 கிலோ பறிப்பதற்கு மலையிலே கொழுந்து இருத்தல் வேண்டும். மீள்நடுகை, பசளை, கவ்வாத்து ஆகியவை முகாமையின் பொறுப்புகள். அவை குறைந்த மலையில் விளைவின் வீழ்ச்சியைத் தொழிலாளியின் திறன்குறைவாகப் பதிவது கணக்கின் பிழையன்று, கணக்கெழுதுவோரின் பிழையாகும்.

முடிவுரை

கிரயக் கணக்கியல் விலையை ஆக்கும் கருவி என்பதைவிட, விலை ஏற்கனவே தீர்மானிக்கப்பட்ட சந்தையில் எதைச் செய்வது, எதைத் தவிர்ப்பது எனத் தெளிவிக்கும் கருவி என்பதே பொருத்தமானது. அதனைப் புறக்கணித்த கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. கைக்கொண்ட தேயிலைத் தோட்டங்கள் நிலைத்தன. அவ்வகையில் அதன் பயன் மறுக்கற்பாலதன்று. ஆனால், அதே கருவி கூலியை மட்டும் குறைக்கத்தக்க செலவாகக் காட்டியபோது ஒரு சமூகத்தின் வறுமைக்கு நியாயம் கற்பிக்கவும் பயன்பட்டது. ஹந்தானையில் 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை இன்று நூதனசாலையாக நிற்கின்றது. அங்கே பழைய பொறிகளைக் காணச் செல்லும் மாணவர், அப்பொறிகளுக்குக் கொழுந்து சுமந்து வந்தோரின் கணக்கு இன்னும் முடிக்கப்படவில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று. வணிகவியலும் வரலாறும் இணைந்து ஆராய வேண்டிய பணி இது. பழந்தோட்டங்களின் கணக்கேடுகள் செல்லரித்து மறையுமுன் அப்பணியைத் தொடங்குதல் இப்பல்கலைக்கழகத்தாரின் கடமையாகும்.