தொலைபேசி வழக்கும் கண்டுபிடிப்பின் நிறைவும்

ஒரு கண்டுபிடிப்பு எப்போது நிறைவுறுகின்றது? உள்ளத்தில் எண்ணம் உருவாகும்போதா, பொருள் செய்யப்பட்டுத் தொழிற்படும்போதா, அன்றி அது தாளில் விளக்கி எழுதப்படும்போதா? ஐக்கிய அமெரிக்க ஆக்கவுரிமைச் சட்ட வரலாற்றில் இவ்வினா பன்முறை எழுந்தது. அவற்றுள் தொலைபேசி வழக்கு தனிச்சிறப்புடையது.

அலெக்சாந்தர் கிரகம் பெல்லின் விண்ணப்பம் 1876 பெப்ரவரி 14ஆம் திகதி வொஷிங்ரனில் தாக்கல் செய்யப்பட்டது. அதே நாளில், இன்னும் முற்றுப்பெறாத தம் கண்டுபிடிப்புப் பற்றி எலிஷா கிரே முன்னறிவித்தல் கொடுத்தார். மார்ச் 7இல் பெல்லுக்கு 174,465ஆம் இலக்க ஆக்கவுரிமை கிடைத்தது. ஆயின் பெல்லின் கருவி பொருள் விளங்கும் சொற்களைச் செலுத்தியதோ மார்ச் 10இலேயே. உரிமை முந்தியது, பேச்சுப் பிந்தியது.

இதனையே எதிராளிகள் குறையாகக் காட்டினர். 1888இல் உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. கருவி பூரணத்துவம் அடைந்திருத்தல் வேண்டுவதன்று. அத்துறை அறிந்தோர் பின்பற்றிச் செய்யத்தக்கவாறு செய்முறை தெளிவாக விவரிக்கப்பட்டிருப்பின் போதும் என்பதே பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். எனினும் நீதியரசர் மூவர் மாறுபட்டனர். பென்சில்வேனியாவின் கிராமத்துப் பொறிவினைஞரான டானியல் டிரோபோ பெல்லுக்கு முன்பே தொலைபேசி செய்திருந்தார் என்பது அவர்கள் துணிபு. சாட்சிகள் பலர் இருந்தும், 1880 வரை விண்ணப்பம் செய்யாத அவர் தோற்றார்.

எழுத்து பட்டறையை வென்றது என இதனைக் கொள்ளலாமா? ஆக்கவுரிமை என்பது ஒருவகைப் பண்டமாற்று. கண்டுபிடித்தவர் தம் அறிவை வெளியிடுகின்றார். சமுதாயம் அவருக்குக் குறித்த காலத் தனியுரிமையை வழங்குகின்றது. ஆதலின் பிறர் செய்யத்தக்க விளக்கமே இங்கு அளவுகோலாயிற்று.

இவ்வளவுகோல் கண்டுபிடித்தவருக்கு எதிராகவும் திரும்பவல்லது. வெயின் பஃப் என்பார் மின்னணுச் சில்லுத் தாங்கிக்கான பொருத்தியொன்றை வரைபடத்தில் அமைத்து, மாதிரி செய்யுமுன்பே 1981 ஏப்ரலில் விற்பனைக் கட்டளையை ஏற்றார். விண்ணப்பித்ததோ ஓராண்டு எல்லை கடந்து, 1982 ஏப்ரலில். பொருள் அப்போது உருப்பெறவில்லை என்ற அவர் வாதம் 1998இல் தள்ளப்பட்டது. வரைபடமே போதியதாயிருந்தமையின் கண்டுபிடிப்பு முன்னரே ஆக்கவுரிமைக்கு ஆயத்தமாயிருந்தது என உயர் நீதிமன்றம் தொலைபேசித் தீர்ப்பை எடுத்துக்காட்டிக் கூறிற்று.

2013 மார்ச் 16 முதல் ஐக்கிய அமெரிக்காவும் முதலில் விண்ணப்பித்தவருக்கு முன்னுரிமை தரும் முறைக்கு மாறியது. டிரோபோ போன்றோரின் நிலை இதனால் மேலும் நலிவுற்றது எனலாம். ஆய்வுகூடத்தில் உழைப்போர் தம் கைவினையோடு விவரித்தெழுதும் திறனையும் வளர்த்தல் இன்றியமையாதது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.