அரசியின் ஆடை

பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஓவியர்கள் உயர்குலப் பெண்களைப் பிள்ளையுடன் சேர்த்துத் தீட்டுவதுண்டு. வன் டைக் ஏறத்தாழ 1626இல் வரைந்த ஜெனோவாச் சீமாட்டியும் மகனும் அவ்வகையது. அங்கே ஆடை செல்வத்தைச் சொல்லும். அருகில் நிற்கும் பிள்ளை, குலம் தொடரும் என்று சொல்லும். தாய்மையோடு வாரிசுரிமையும் அங்கே பேசப்படுகிறது.

இத்தகைய காட்சியொன்று நம் வாவிக்கரையோடும் தொடர்புடையது. 1602 மே மாதம் மட்டக்களப்பில் கரையிறங்கிய ஒல்லாந்தக் கடலோடி ஜோரிஸ் வன் ஸ்பில்பேர்கன், கண்டி சென்று முதலாம் விமலதர்மசூரியனைக் கண்டான். மன்னன் அவனை அரசி டோனா கதரினாவின் அறைக்கே அழைத்துச் சென்றான். அரசியும் பிள்ளைகளும் ஐரோப்பிய உடையில் இருந்தனர் என்கிறது பயணக்குறிப்பு.

வந்தவனுக்கு அது நட்பின் அடையாளம். நாமோ அந்த ஆடையை வேறுவிதமாகவும் வாசிக்கலாம். குசுமாசனதேவி என்ற அந்தச் சிறுமிக்கு ஞானஸ்நானம் கொடுத்து வளர்த்தவர்கள் போர்த்துக்கேயர். 1594இல் அவளை முன்னிறுத்திக் கண்டியை ஆள முனைந்தவர்களும் அவர்களே. அவர்கள் தோற்றதும், வென்றவனுக்கு அவள் மனைவியானாள். அவன் அரியணைக்கு உரிமை சேர்த்தது அவளுடைய குலமே. அவள் விருப்பம் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

1613இல் அவள் மறைந்தாள். அவளுடைய மகன் இரண்டாம் இராசசிங்கன், 1638இல் ஒல்லாந்தருடன் சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து மீட்டான். புளியந்தீவில் அக்கோட்டையைக் காணும்போது பீரங்கிகளை மட்டுமன்றி, அந்நிய ஆடையில் பிள்ளைகளோடு இருந்த அந்தத் தாயையும் நினைத்துக்கொள்ளுங்கள்.