மட்டக்களப்பிற் சத்தியாக்கிரகம்

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்து வாழும் மக்கள், ஆள்வோர் செவிசாய்க்காத காலங்களிற் கைக்கொண்ட அறவழி எதிர்ப்பு இங்குக் கூறப்படும். நகரின் நடுவிடமாகிய புளியந்தீவு நாற்புறமும் நீராற் சூழப்பட்டுப் பாலங்களாற் கரையோடு இணைந்தது. அங்கே போர்த்துக்கேயர் 1628இற் கட்டி, ஒல்லாந்தர் 1638இற் கைப்பற்றிய கோட்டைக்குள் மாவட்ட அரச நிருவாகப் பணிமனையாகிய கச்சேரி நெடுங்காலம் இயங்கிற்று. வாவியின் கிழக்கே எழுவான்கரையாரும் மேற்கே படுவான்கரையாரும் காணி முதலிய கருமங்கள் யாவற்றுக்கும் அவ்வாசலையே மிதிக்க வேண்டியிருந்தமையால், அது அடைபட்டால் இராசாங்கமே அடைபட்டதாயிற்று.

சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் 1961 ஜனவரியில் முழு அளவில் நடைமுறைக்கு வரவே, தமிழரசுக் கட்சி பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரியின் முன்னும், ஒரு வாரத்தின் பின் மட்டக்களப்பிலும் மறியலைத் தொடங்கியது. இங்கே முன்னின்றவர்களுள் பாராளுமன்ற உறுப்பினர் செ. இராசதுரை ஒருவர். தாய்மொழியில் விண்ணப்பம் எழுதி அம்மொழியிலேயே விடை பெறுவதைக் காட்டிலும் எளிய கோரிக்கை யாதும் இல்லை. அதற்காகவே ஆடவரும் பெண்டிரும் கோட்டை வாசலில் அமர்ந்தனர். ஏறத்தாழ ஏழு வாரம் நிருவாகம் ஸ்தம்பித்தது. ஏப்ரல் 17ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது, இராணுவம் வந்தது, தலைவர்கள் பனாகொடை முகாமிற் சிறைவைக்கப்பட்டனர்.

பயன் யாது எனின், 1958இல் நிறைவேறிய தமிழ்மொழிச் சட்டத்துக்குரிய பிரமாணங்கள் 1966 ஜனவரியிலேயே வந்தன. அவையும் தேர்தலுக்குப் பின் தமிழரசுக் கட்சி ஆட்சியமைத்தோரோடு செய்த உடன்படிக்கையின் பேறு. தமிழும் அரசகரும மொழியாதல் 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் வரை காத்திருந்தது. ஆயினும் மறியல் தோற்றதென்பார் கூற்று ஏற்கத் தக்கதன்று. பெற்றது எழுத்தளவினதே எனினும், கேளாதிருந்தால் அவ்வெழுத்தும் பிறந்திராது.

அவ்வறவழி பின்னரும் தொடர்ந்தது. 1988 மார்ச் 19ஆம் திகதி மட்டக்களப்பு மாமாங்கேசுவரர் ஆலய முன்றலில், இலங்கைக்கு வந்திருந்த இந்திய அமைதிப் படை விடுதலைப் புலிகளுடனான போரை நிறுத்திப் பேச வேண்டுமென உபவாசம் தொடங்கிய அன்னை பூபதி, ஏப்ரல் 19இல் உயிர் நீத்தார். படையோ 1990 வரை இருந்தது.

அண்மைக் காலத்திலும், மேய்ச்சற்றரையாகிய மயிலத்தமடு, மாதவணையில் வெளிமாவட்டத்தார் அத்துமீறிப் பயிரிடுவதைக் கண்டித்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியில் அமர்ந்தனர். அடுத்த மாதம் மட்டக்களப்புக்கு வந்த அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அத்துமீறியோரை அகற்றப் பணித்தார். பணித்த பின்னரும் ஓராண்டு கடந்து பண்ணையாளர்கள் சித்தாண்டியிலேயே அமர்ந்திருந்தனர்.