தாமிரபரணிக் கரையின் பழைய ஆண்கள் பள்ளிகளில் ஆசிரியர்கள் நிலைத்த வரலாறு

பாளையங்கோட்டை தூய சவேரியார், தூய யோவான் பள்ளிகள், திருநெல்வேலி டவுன் ஷாஃப்டர் பள்ளி, இந்துக் கல்லூரிப் பள்ளி, மேற்கே அம்பாசமுத்திரம் தீர்த்தபதி பள்ளி என்று ஆண்பிள்ளைகளுக்காகத் தொடங்கி நெடுங்காலம் நடந்த பள்ளிகள் தாமிரபரணிக் கரையில் பல உண்டு. இருபத்தைந்து வயதில் இப்படியொரு பள்ளியில் சேர்ந்து, அங்கேயே முப்பது ஆண்டுக்கு மேல் பாடம் நடத்தி, அதே வாசல் வழியே ஓய்வுபெற்றுப் போகும் ஆசிரியர் இவ்வட்டாரத்தில் அபூர்வம் அல்லர். இதற்குப் பணி நிறைவு விழா மேடைகளில் சொல்லப்படும் காரணம் அர்ப்பணிப்பு. நூறு, நூற்றைம்பது ஆண்டு மரபின் தொடர்ச்சி என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அர்ப்பணிப்பை நான் மறுக்கவில்லை; மரபு என்பதைத்தான் மறுக்கிறேன். பள்ளிகள் பழையவை. ஆனால் ஆசிரியர் ஒரே பள்ளியில் ஆயுள் முழுவதும் தங்குவது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவலாக உருவான நிலைமை. மாத ஊதியம், ஓய்வூதியம், பணிப் பாதுகாப்பு, இடமாறுதல் இன்மை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து அதை உண்டாக்கின. எனவே அவை தளர்ந்தால் அதுவும் தளரும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பார்க்கலாம். தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்ட கணக்கெடுப்பு சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகக் காட்டியது. அவற்றில் பெரும்பாலானவை ஓராசிரியர் பள்ளிகள். திண்ணைப் பள்ளி வாத்தியாரின் வருமானம் பிள்ளைகள் கொண்டுவரும் மாதக் காசும், அறுப்புக் காலத்தில் ஊர் அளக்கும் நெல்லும்தான். கார், பிசானம் என்ற இரு நெற்போகமும் விளைந்தால் வாத்தியார் இருப்பார். ஒரு பூ பொய்த்தால் அவர் பாடு திண்டாட்டம். பாளையங்கோட்டைக்கு 1816இல் படைக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப் பள்ளிகளைத் தொடங்கினார்; 1820இல் வந்த மிஷனரி ரேனியஸ் அவற்றைப் பெருக்கினார். மிஷன் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் கிடைத்தது உண்மை. ஆனால் எந்த ஊரில் இருப்பது என்பது அவர் கையில் இல்லை. உபதேசியாரும் ஆசிரியரும் பெரும்பாலும் ஒருவரே. மிஷனரி எந்த ஊருக்கு அனுப்புகிறாரோ அங்கே போக வேண்டும். 1835இல் ரேனியஸே தம் மிஷன் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார். அவரை நம்பியிருந்த ஆசிரியர்களும் யார் பக்கம் நிற்பது என்று தடுமாறினார்கள்.

பெயர் தெரிந்த ஆசிரியர்களின் வாழ்க்கையும் இதையே காட்டுகிறது. கரையிருப்பில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியர் ஆனார். பிறகு சென்னை, பாளையங்கோட்டை, திருவனந்தபுரம் என்று அவர் வாழ்க்கை நகர்ந்தது. அந்தச் சாயர்புரம் செமினரியை 1842இல் தொடங்கிய ஜி. யு. போப்பும் சில ஆண்டுகளிலேயே தஞ்சைப் பக்கம் போய்விட்டார். பின்னாளில் ‘மனோன்மணீயம்’ எழுதிய சுந்தரம் பிள்ளை 1870களின் பிற்பகுதியில் திருநெல்வேலியில் ஆங்கில–தமிழ்ப் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1878இல் அது இரண்டாம் நிலைக் கல்லூரியாக உயர்ந்தது. அதன் பிறகு அவரும் அதிக நாள் இங்கே இல்லை, திருவனந்தபுரம் திரும்பினார். இதே நிறுவனத்தின் பள்ளியில் படித்த பாரதி 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மூன்று மாத அளவே தமிழாசிரியராக இருந்தார். அது தற்காலிக இடம் என்பதால் அதற்கு அதிக எடை கொடுக்கக் கூடாது. என்றாலும் நிலையான இடத்துக்காக அவர் காத்திருக்கவில்லை. சென்னையில் ‘சுதேசமித்திரன்’ அழைத்ததும் புறப்பட்டுவிட்டார்.

புகழ்பெற்றவர்கள் இடம் மாறத்தான் செய்வார்கள், பெயர் தெரியாத சாதாரண ஆசிரியர்கள் இருந்த இடத்திலேயே இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏடுகளில் இடம்பிடித்தவர்களை மட்டும் வைத்து எல்லோரையும் அளக்க முடியாது. அதனால் பள்ளிகளுக்குப் பணம் வந்த வழியைப் பார்க்க வேண்டும். 1854 உட் அறிக்கைக்குப் பின் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வந்தது. ஆனால் சென்னை மாகாணத்தில் 1860களின் பிற்பகுதியிலிருந்து அதன் பெரும்பகுதி பிள்ளைகளின் தேர்ச்சியைப் பொறுத்தே கொடுக்கப்பட்டது. ஆய்வாளர் வரும் நாளில் எத்தனை பேர் தேறுகிறார்களோ அதற்கேற்ற தொகை. ஒரு வருஷம் அம்மையோ காலராவோ வந்து வருகை குறைந்தால் மானியமும் குறையும். அடுத்த ஆண்டின் வரவு தெரியாத நிர்வாகம் ஆசிரியருக்கு நீண்டகால உறுதி எதைக் கொடுக்க முடியும்? கர்சன் காலத்தில், 1904 கல்வித் தீர்மானத்தை ஒட்டித்தான் இந்த முறை கைவிடப்பட்டது. மறுபுறம், ஆங்கிலம் படித்தவருக்குத் தாலுகா கச்சேரியும் கோர்ட்டும் கதவு திறந்திருந்தன. சட்டம் படித்து முடிக்கும்வரை, அல்லது சர்க்கார் உத்தியோகம் கிடைக்கும்வரை பார்க்கிற வேலையாகவே ஆசிரியப் பணி பலருக்கு இருந்தது.

மிஷனரிகள் அரை நூற்றாண்டு ஒரே ஊரில் இருந்து ஒரு முன்மாதிரியை உண்டாக்கவில்லையா என்பது அடுத்து எழும் கேள்வி. கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்தார். 1891இல் இறக்கும்வரை அவர் வாழ்க்கை இம்மாவட்டத்தைச் சுற்றியே இருந்தது. மர்காஷிஸ் 1876 முதல் 1908 வரை நாசரேத்தில் இருந்தார். இவர்களின் நினைவு இன்றும் பெரிது. ஆனால் இவர்கள் ஒரு வகுப்பறையில் நிலைத்தவர்கள் அல்லர், ஒரு மறைப்பகுதியில் நிலைத்தவர்கள். ஊதியம் கடல் கடந்து வந்தது. இவர்களின் கீழே வேலைபார்த்த தமிழ் ஆசிரியர்தான் ஊர் ஊராக மாற்றப்பட்டார். இயேசு சபைப் பள்ளிகளில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவு. அங்கே துறவிகளைச் சபை சில ஆண்டுகளுக்கொருமுறை வேறு இடத்துக்கு அனுப்பிவிடும். தலைமையாசிரியராக வரும் பாதிரியார் போவார், அடுத்தவர் வருவார். குடும்பஸ்தரான ஆசிரியர்தான் அங்கேயே இருப்பார். துறவுக்கு வாக்குக் கொடுத்தவர் நகர்கிறார், வாக்குக் கொடுக்காதவர் நிலைக்கிறார் என்றால், நிலைப்புக்குக் காரணம் துறவு மனப்பான்மை மட்டும் என்று சொல்ல வழியில்லை.

இலட்சியம் ஒன்றையே அடித்தளமாகக் கொண்டு எழுந்த பள்ளியும் இந்த ஆற்றங்கரையில் உண்டு. வ. வே. சு. ஐயர் 1922இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலம் அது. அரசின் தயவில்லாமல் தேசியக் கல்வி தருவதே அதன் நோக்கம். காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு 5,000 கொடுத்திருந்தது. பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்ட செய்தி வெளியே வந்ததும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. மீதிப் பணம் நின்றது. 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் உயிரிழந்தார். குருகுலமும் பழைய நிலைக்கு மீளவில்லை. அங்கே பணியாற்றியவர்களின் தியாகத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு தலைவரையும் ஒரு நன்கொடையையும் நம்பி நின்ற பள்ளி ஆசிரியருக்கு முப்பது ஆண்டைத் தர முடியாது என்பதற்கு இது சான்று. பிள்ளைகளைப் பந்தியில் பிரித்து உட்கார வைக்கும் பள்ளி நிலைக்க வேண்டும் என்று வாதிடவும் எனக்கு மனமில்லை. இந்தச் சாதிக் கேள்விக்குப் பின்னால் மறுபடி வர வேண்டியிருக்கிறது.

திருப்பம் 1955இல் வந்தது. காமராஜர் முதலமைச்சராகவும் சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறைத் தலைவராகவும் இருந்த காலம். ஓய்வூதியம், சேமநல நிதி, காப்பீடு மூன்றும் சேர்ந்த முப்பயன் திட்டம் அரசு ஊழியர் அல்லாத ஆசிரியர்களுக்கும் விரிந்தது. கோத்தாரி ஆணையம் (1964–66) பின்னாளில் பிற மாநிலங்களுக்கும் எடுத்துக்காட்டிய திட்டம் இதுதான். வயதான காலத்தில் பிள்ளைகளையோ, பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் அரைக்கோட்டை விதைப்பாட்டையோ நம்பியிருந்த ஆசிரியருக்கு, ஓய்வுக்குப் பிறகும் மாதாமாதம் பணம் என்பது அதுவரை இல்லாத ஏற்பாடு. ஓய்வூதியத்துக்குப் பணிக்காலம் முறியாமல் இருக்க வேண்டும். ஆகவே வேலையை விடுவது நஷ்டம், தங்குவது இலாபம் என்று ஆனது. 1960களில் பள்ளிக் கட்டணம் படிப்படியாக நின்றபோது அதை ஈடுகட்ட மானியமும் வளர்ந்தது. நிர்வாகத்தின் வரவு–செலவிலிருந்து ஆசிரியர் சம்பளம் விடுபட்டது. அடுத்து வந்தது 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம். 1974 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கல்வித்துறையின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரை நீக்க முடியாது என்றது அச்சட்டம். சிறுபான்மை நிர்வாகங்கள் அதை நீதிமன்றத்தில் எதிர்த்தன. எல்லாப் பிரிவுகளும் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒன்றுபோல் பொருந்தின என்று சொல்ல முடியாது. ஆனாலும் ‘நாளை முதல் வரவேண்டாம்’ என்று ஒரு தாளாளர் வாயால் சொல்லி அனுப்பும் காலம் உதவிபெறும் பள்ளிகளில் முடிந்தது.

ஓய்வூதியமும் பாதுகாப்பும் அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் உண்டே, அவர் ஏன் ஒரே பள்ளியில் இருப்பதில்லை? இங்கேதான் உதவிபெறும் பள்ளியின் தனித்தன்மை தெரிகிறது. ஒரு நிர்வாகத்துக்கு ஒரே பள்ளி என்றால் மாறுதலுக்கு இடமே இல்லை. திருமண்டலம்போல் பல பள்ளிகளை நடத்தும் கூட்டு மேலாண்மையில் மாறுதல் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஒரு மாவட்டத்து எல்லைக்குள் அடங்கிவிடும். அரசுப் பள்ளி ஆசிரியரோ பதவி உயர்விலும் கலந்தாய்விலும் இடம் மாறுகிறார். பணிப்பதிவேட்டை (எஸ்.ஆர்.) திறந்து பார்த்தாலே இது விளங்கும். முதல் பக்கத்தில் பிறந்த தேதி, அங்க அடையாளங்கள், விரல்ரேகைகள். அடுத்து ஆண்டுக்கு ஒரு வரியாக இன்க்ரிமென்ட் பதிவுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும். கடைசியில் விடுப்புக் கணக்கு. அரசுப் பள்ளி ஆசிரியரின் எஸ்.ஆரில் ஐந்தாறு ஊர் முத்திரைகள் இருக்கும். தனிப் பள்ளி ஆசிரியரின் எஸ்.ஆரில் கையெழுத்துகள் மாறிக்கொண்டே போகும், முத்திரை மட்டும் மாறாது. தலைமையாசிரியர் பதவி ஒன்றே ஒன்று என்பதால் பலருக்குப் பதவி உயர்வு கிடைக்காது. அந்தக் குறையைப் பத்து ஆண்டில் தேர்வுநிலையும் இருபது ஆண்டில் சிறப்புநிலையும் ஊதியத்தில் ஓரளவு ஈடுசெய்தன. ஒரே பதவியில் நீண்ட நாள் இருப்பதற்கு அரசே தரும் வெகுமதி அது.

யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் உறுதிப்படும். மிஷன்களும் சைவ சபைகளும் நடத்திய உதவிபெறும் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை இலங்கை அரசு 1960–61இல் பொறுப்பேற்றது. அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் இடமாற்றத்துக்கு உட்பட்ட அரசு ஊழியர் ஆனார்கள். யாழ்ப்பாணம் தூய யோவான் கல்லூரி போன்ற சில மட்டும் தனியாக நின்றன. இரு கரையிலும் பள்ளி மரபு ஏறக்குறைய ஒன்றே. நிர்வாக அமைப்பு வேறானபோது ஆசிரியரின் பணிவாழ்வும் வேறானது.

இன்னும் வலுவான சான்று நம் பள்ளி வளாகங்களுக்குள்ளேயே இருக்கிறது. அரசு அனுமதித்த இடத்தில் இருப்பவர் ஒருவர். பக்கத்து வகுப்பில் சுயநிதிப் பிரிவிலோ நிர்வாகச் சம்பளத்திலோ பாடம் எடுப்பவர் இன்னொருவர். காலை வழிபாடு ஒன்று, தலைமையாசிரியர் ஒருவர், பிள்ளைகளும் அதே தெருக்களிலிருந்து வருபவர்கள். முதலாமவர் தங்குகிறார். இரண்டாமவர் டி.ஆர்.பி. தேர்வுக்குப் படித்துக்கொண்டே, வேறு இடம் கிடைத்ததும் போகிறார். இருவரின் உழைப்பிலும் அக்கறையிலும் வேறுபாடு இருக்க வேண்டிய காரணம் எதுவுமில்லை. மரபுதான் ஆசிரியரைப் பிடித்து வைக்கிறது என்றால் இரண்டாமவரையும் அது பிடித்து வைத்திருக்க வேண்டும்.

நீண்ட நாள் தங்குவது நல்லதுதானா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது; முன்பு சொன்ன சாதிக் கேள்வி இங்கேதான் மறுபடி வருகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்துப் பள்ளி மாணவர் ஒருவரும் தடுக்கப் போன அவர் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கை, கல்வி அலுவலர்களையும் தலைமையாசிரியர்களையும் அவ்வட்டாரத்து ஆதிக்கச் சாதியிலிருந்து நியமிக்க வேண்டாம் என்றும், அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஊரில் வேர்விட்ட ஆசிரியரின் வேர் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்பது சரியே. சிறுபான்மை நிர்வாகப் பள்ளிகளை இட ஒதுக்கீடு கட்டுப்படுத்துவதில்லை. உறவும் சபையும் சாதியும் பார்த்து இடம் கொடுத்தால், அந்த ஒரு தேர்வின் விளைவு முப்பத்தைந்து ஆண்டுக்கு நீடிக்கும். இந்தக் குறை மெய். ஆனால் இது நுழைவில் இருக்கும் குறை, தங்குவதில் இருக்கும் குறை அல்ல. அப்பனுக்குப் பாடம் சொன்னவர் மகனுக்கும் சொல்லும்போது, எந்த வீட்டில் அறுப்புக்குப் பிள்ளையை நிறுத்துவார்கள், எந்தப் பையன் படிப்பை விடப்போகிறான் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு இந்த அறிவு பெரிய துணை. வெளிப்படையான விளம்பரமும் போட்டித் தேர்வும் வைத்து எல்லாத் தெருக்காரரையும் உள்ளே வரவிட்டால், அந்தத் துணை எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். தங்கும் வழியை அடைத்துவிட்டால் யாருக்குமே கிடைக்காது.

ஆனால் அந்த வழி ஏற்கெனவே அடைபட்டு வருகிறது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டு, பங்களிப்பு முறை வந்தது. ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்டு முதல் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துச் செய்யும் பணியாளர் நிர்ணயத்தில் ‘உபரி’ ஆகிறவர் வேறு பள்ளிக்கு அனுப்பப்படுகிறார். ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதாமல் பணியில் இருப்போரில் ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் அதில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. ஓய்வு பெறும் வயது இப்போது 60. 2003 மார்ச்சில் 23 வயதில் சேர்ந்தவர் 2040இல் வெளியேறுவார். பழைய ஓய்வூதியத்தோடு சேர்ந்தவர்களில் கடைசி அணி ஏறக்குறைய அவரோடு முடிந்துவிடும். அதற்குப் பின் இந்தப் பள்ளிகளில் முப்பது ஆண்டு ஆசிரியர் இருக்க வேண்டும் என்றால், காலியாகும் அனுமதிக்கப்பட்ட இடங்களை அரசு நிரப்ப விட வேண்டும். நிர்வாகங்கள் அவற்றை எல்லோருக்கும் திறந்துவைக்க வேண்டும். சுயநிதி ஆசிரியருக்கும் பணிப்பதிவேடும் ஓய்வுக்கால வருமானமும் வேண்டும்.